தொடரிலிருந்து பிறந்த திகில்: எந்த விளையாட்டைத் தேர்ந்தெடுப்பது?

ஒரு தொலைக்காட்சித் தொடரில் ஆழ்ந்து தோய்ந்தவர், அதன் இருட்டுக்குள் தாமே டார்ச் விளக்கை ஏந்தி நடந்து பார்க்க ஆசைப்பட்டால், அவருக்குக் கிடைக்கும் விளையாட்டுகள் வியப்பூட்டும் அளவுக்குக் குறைவு. திரைப்படங்களை ஒட்டி வந்த திகில் விளையாட்டுகள் பல உண்டு. 2014இல் வெளிவந்த 'ஏலியன்: ஐசொலேஷன்' அவற்றின் உச்சம் என்று தயங்காமல் சொல்வேன். தொடர்களிலிருந்து வந்தவையோ விரல்விட்டு எண்ணத்தக்கவை. அவற்றிலும் சில, சர்வைவல் ஹாரர், அதாவது பிழைப்புத் திகில், என்ற பெயரைத் தாங்கினாலும் அந்த வகைக்குரிய அச்சத்தைத் தருவதில்லை. வேறு சில கடைகளிலிருந்தே நீக்கப்பட்டுவிட்டன. எஞ்சியவற்றுள் எதற்கு நேரத்தையும் பணத்தையும் கொடுக்கலாம் என்று முடிவெடுக்க முயலும் ஒருவருக்காகவே இதை எழுதுகிறேன்.

சர்வைவல் ஹாரர் என்னும் பெயரைப் பரப்பியது 1996இல் காப்காம் வெளியிட்ட 'ரெசிடெண்ட் ஈவில்'. அந்த வகையின் அடிப்படை பற்றாக்குறைதான். தோட்டா குறைவு, மருந்து குறைவு, பையில் இடம் குறைவு. எதிரியைக் கொல்வதைவிட அவனிடமிருந்து ஒதுங்கிப் போவதே பல இடங்களில் அறிவு. கையில் இருக்கும் கடைசி ஐந்து தோட்டாக்களை இந்த நடைவழியில் செலவிடுவதா, அடுத்த கதவுக்குப் பின்னால் இருக்கும் ஏதோ ஒன்றுக்காகச் சேமிப்பதா என்ற தயக்கத்திலிருந்துதான் அச்சம் எழுகிறது. தொலைக்காட்சித் தொடரின் அச்சம் வேறு வகையானது. நாயகன் அடுத்த வாரமும் வருவான் என்பது பார்ப்பவருக்குத் தெரியும். ஆகவே அவன் சாவானா என்பதை விட, இந்தப் பொருள் என்ன, இவர்களுள் பொய் சொல்பவர் யார், உண்மை தெரியும்போது இந்த மனிதர் என்ன ஆவார் என்பனவே பார்ப்பவரைப் பிடித்து வைக்கின்றன.

இந்த இரண்டு அச்சங்களும் ஒரே விளையாட்டில் சந்திக்க வேண்டுமானால், நடிகர்களின் முகத்தையும் குரலையும் வாங்கி ஒட்டினால் மட்டும் போதாது. தொடரின் இயல்பு விளையாட்டின் விதியாக மாற வேண்டும். அதாவது, அந்தத் தொடரை அந்தத் தொடராக்குவது எதுவோ அதை ஆடுபவர் தம் கையால் செய்ய வேண்டும். செய்யத் தவறினால் அதற்கான விலையையும் கொடுக்க வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு விளையாட்டையும் இந்த ஓர் அளவுகோலை வைத்தே பார்க்கிறேன். கிராஃபிக்ஸ், நீளம், விமர்சகர்கள் கொடுத்த மதிப்பெண் ஆகியவை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

முதலில் 'தி எக்ஸ்-ஃபைல்ஸ்: ரெசிஸ்ட் ஆர் சர்வ்'. பிளாக் ஆப்ஸ் எண்டர்டெயின்மெண்ட் நிறுவனம் உருவாக்கி 2004 மார்ச்சில் பிளேஸ்டேஷன் 2இல் மட்டும் வெளிவந்தது. எக்ஸ்பாக்ஸ் பதிப்பு அறிவிக்கப்பட்டுப் பின்னர் கைவிடப்பட்டது. 1993இல் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் தொடங்கிய மூலத்தொடர் 2002இல் ஒன்பதாவது பருவத்தோடு ஒருமுறை முடிந்திருந்தது. எனவே இந்த விளையாட்டு, தொடர் நின்றுபோன ஏக்கத்தில் இருந்தவர்களுக்காக வந்த ஒன்று. கதை ஏழாவது பருவத்தின் காலத்தில் நிகழ்கிறது: கொலராடோவிலுள்ள ரெட் ஃபால்ஸ் என்ற சிற்றூரில் இறந்தவர்கள் எழுந்து நடக்கத் தொடங்க, அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயின் அதிகாரிகளும் தொடரின் நாயகர்களுமான மல்டரும் ஸ்கல்லியும் விசாரிக்க வருகிறார்கள். டேவிட் டுகோவ்னி, கில்லியன் ஆண்டர்சன், மிட்ச் பிலெகி ஆகியோரே தத்தம் பாத்திரங்களுக்குக் குரல் கொடுத்திருக்கிறார்கள். மூன்று பகுதிகளாகப் பிரிந்த கதை. ஒவ்வொரு பகுதியையும் தொடரின் ஓர் அத்தியாயமாகவே கொள்ளலாம்.

இதை மற்றவற்றுக்கு மேலாக நான் வைப்பதற்குக் காரணம் குரல்கள் அல்ல. ஆட்டம் தொடங்கும்போதே மல்டரா ஸ்கல்லியா என்று தேர்ந்தெடுக்க வேண்டும், அந்தத் தேர்வு வெறும் உடை மாற்றமாக நின்றுவிடுவதில்லை. இருவரும் சில இடங்களில் சேர்ந்து நடக்கிறார்கள், சில இடங்களில் பிரிகிறார்கள். பிரிந்த பிறகு ஒருவர் பார்ப்பதை மற்றவர் பார்ப்பதில்லை. ஸ்கல்லியாக ஆடுபவர் பிணப் பரிசோதனை செய்கிறார், மருத்துவரின் கண்ணோடு சான்றுகளை அணுகுகிறார். மல்டராக ஆடுபவர் அவருக்கே உரிய பாதையில், நம்ப முடியாதவற்றின் பக்கம் போகிறார். நம்புகிறவன் ஒருவன், ஐயப்படுகிறவள் ஒருத்தி, இருவரும் ஒரே வழக்கை இரு பக்கத்திலிருந்து அணுகுகிறார்கள் என்பதே அந்தத் தொடரின் முதுகெலும்பு. அந்த முதுகெலும்பு இங்கே ஆட்டத்தின் அமைப்பாகவே வந்திருக்கிறது. ஒருமுறை ஆடி முடித்தவருக்குக் கதையின் பாதிதான் தெரியும். மறுபாதிக்கு மற்றவராக மீண்டும் இறங்க வேண்டும்.

நாயகர்கள் சாக மாட்டார்கள் என்ற சிக்கலையும் இது ஓரளவு நன்றாகவே கையாள்கிறது. ஏழாவது பருவத்துக்குப் பிறகும் தொடர் நடந்தது என்பது ஆடுபவர் அனைவருக்கும் தெரிந்ததே. ஆகவே மல்டரின் உயிர் நிலைக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் கதையின் எடை இந்த ஊருக்கு நேர்ந்தது என்ன, இதற்குப் பின்னால் இருப்பவர் யார் என்ற கேள்விகளில்தான் இருக்கிறது. அந்தக் கேள்விகளை, நாயகன் பிழைப்பான் என்ற அறிவு மழுங்கடிப்பதில்லை. தொடரை நெடுநாள் பார்த்தவர் உடனே அடையாளம் காணும் பழைய சதிகளும் பழைய முகங்களும் வந்துபோகின்றன, தொடரின் இசையமைப்பாளர் மார்க் ஸ்னோவின் ஒலியும் கூடவே வருகிறது.

குறைகளை மறைக்க மாட்டேன். கேமரா ஒவ்வோர் அறையிலும் ஒரே இடத்தில் நிலைத்து நிற்கும், பாத்திரம் பழைய ரெசிடெண்ட் ஈவில் முறையில் முன்னே பின்னே நகர்ந்து திரும்பும். இந்த முறைக்குப் பழகாதவருக்கு முதல் ஒரு மணி நேரம் எரிச்சலாகத்தான் இருக்கும். நிலைத்த கேமரா மூலைகளை மறைத்து அச்சத்தைக் கூட்டும் என்பது உண்மைதான். ஆனால் 2004லேயே அது பழைய பாணி. அடுத்த ஆண்டு தொடக்கத்தில் வந்த 'ரெசிடெண்ட் ஈவில் 4', கேமராவைத் தோளுக்குப் பின்னால் கொண்டுவந்து, அந்தப் பாணி முழுவதையும் பழங்காலத்துக்கு அனுப்பிவிட்டது. அதைவிடப் பெரிய தடை, இன்று இதைப் பெறுவது எப்படி என்பது. மறுவெளியீடு எதுவும் இல்லை. பிளேஸ்டேஷன் 2 கருவியும் பழைய வட்டும் இருந்தால்தான் ஆட முடியும்.

இதே தொடரிலிருந்து 1998இல் கணினிக்கும் மறு ஆண்டு பிளேஸ்டேஷனுக்கும் வந்த 'தி எக்ஸ்-ஃபைல்ஸ்: தி கேம்' என்பதோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது படம்பிடித்த காட்சிகளால் ஆன, சொடுக்கிச் சொடுக்கி நகரும் விசாரணை விளையாட்டு. ஆடுபவர் சியாட்டில் அலுவலகத்தின் வேறொரு அதிகாரியாகி, காணாமற்போன மல்டரையும் ஸ்கல்லியையும் தேடுகிறார். தொடரின் தோற்றத்தை அது அழகாகப் பிடித்திருக்கிறது. உயிர் பிழைக்கப் போராடும் பதற்றம் அதில் இல்லை.

அடுத்தது 'தி வாக்கிங் டெட்: சர்வைவல் இன்ஸ்டிங்க்ட்'. இதைப் பற்றி நீண்டு பேச வேண்டியிருக்கிறது. ஏனெனில் நல்ல எண்ணங்கள் எப்படிக் கெட்டுப்போகும் என்பதற்கு இது தெளிவான சான்று. ஆக்டிவிஷன் 2012 ஜூலையில் அறிவித்து 2013 மார்ச்சிலேயே கடைகளுக்கு அனுப்பிய இந்த விளையாட்டை டெர்மினல் ரியாலிட்டி உருவாக்கியது. மூலமான படக்கதையில் இல்லாமல் ஏஎம்சி தொலைக்காட்சியின் தொடருக்கென்றே படைக்கப்பட்ட டேரில் டிக்சனாக நாம் ஆடுகிறோம். அண்ணன் மெர்ல் கூட வருகிறார். நார்மன் ரீடஸும் மைக்கேல் ரூக்கரும் குரல் கொடுத்திருக்கிறார்கள். கதை தொடரின் முதல் அத்தியாயத்துக்கு முந்தியது: ஜார்ஜியாவின் காட்டுப்புறத்தில், பிணங்கள் எழுந்து நடந்து மனிதரைத் தாக்கும் பேரழிவு தொடங்கும் நாளிலிருந்து அட்லாண்டாவை நோக்கிய பயணம்.

காகிதத்தில் பார்த்தால் இதன் விதிகள் அருமையானவை. ஓர் இடத்திலிருந்து அடுத்த இடத்துக்கு நெடுஞ்சாலையில் போனால் எரிபொருள் மிச்சமாகும், ஆனால் வழியில் நின்று பொருள் தேடும் வாய்ப்பு குறையும். கிளைச்சாலைகளில் போனால் எரிபொருள் கரையும், பதிலுக்குத் தேடும் வாய்ப்பு கூடும். வழியில் சேரும் மனிதர்களை உணவு, தோட்டா, எரிபொருள் தேட அனுப்பலாம். அவர்கள் காயப்பட்டோ இறந்தோ போகலாம். வண்டியில் இருக்கைகள் எண்ணி வைக்கப்பட்டவை. ஓர் ஆள் கூடுதலானால் ஒருவரை விட்டுவிட்டுப் போக வேண்டும். துப்பாக்கி வெடித்தால் அந்தத் தெரு முழுவதும் உள்ள பிணங்கள் திரும்பிப் பார்க்கும். யாரை ஏற்றுவது, யாரை விடுவது, எந்தச் சத்தத்தை எழுப்பத் துணிவது என்ற மூன்று கேள்விகளும் அந்தத் தொடரின் உயிர்நாடி. அவை இங்கே விதிகளாகவே இருக்கின்றன.

அப்படியிருந்தும் ஏன் இது தோற்றது? விட்டுவிட்டுப் போகும் மனிதர்களுக்கு முகமும் பேச்சும் கதையும் இல்லை. சில சொற்கள் பேசிவிட்டு இருக்கையில் அமரும் எண்களாகவே அவர்கள் இருக்கிறார்கள். பெயரளவில்கூட நினைவில் நிற்காத ஒருவரைச் சாலையோரத்தில் விடுவதில் வலி ஏது? வழியில் நிற்கும் சிறு இடங்கள் திரும்பத் திரும்ப அதே வடிவில் வருகின்றன. இரண்டாம் முறை அதே கொட்டகைக்குள் நுழையும்போது அச்சம் போய் அலுப்பு மட்டும் மிஞ்சுகிறது. ஒரு பிணம் பிடித்துக்கொண்டால் கத்தியால் குத்தி விடுபட வேண்டும். விடுபட்ட நொடியில் அடுத்தது வந்து பிடிக்கும், பிறகு அதற்கடுத்தது. கூட்டத்தைக் கண்டு ஓட வேண்டிய விளையாட்டில், நின்ற இடத்திலேயே ஒவ்வொன்றாக வரவேற்றுக் குத்திக்கொண்டிருப்பது எளிய வழியாகிவிடுகிறது. பற்றாக்குறையைக் கட்டமைத்துவிட்டு, அதற்குச் சுற்றுவழியையும் கூடவே கொடுத்துவிட்டார்கள்.

இவற்றோடு முன்கதை என்ற தேர்வும் சேர்ந்து கொள்கிறது. தொடரைப் பார்த்த எவருக்கும் டேரிலும் மெர்லும் அட்லாண்டாவை அடைவார்கள் என்பது தெரியும். எக்ஸ்-ஃபைல்ஸில் மர்மம் அந்த இடத்தை நிரப்பியது. இங்கே மர்மம் எதுவும் இல்லை, பிழைப்பது மட்டுமே கதை, பிழைப்பார்கள் என்பதோ முன்பே உறுதி. 2012இல் டெல்டேல் நிறுவனம் ஐந்து பகுதிகளாக வெளியிட்ட 'தி வாக்கிங் டெட்' ஏன் அவ்வளவு பேரை உலுக்கியது என்பதற்கும் விடை இங்கேதான் இருக்கிறது: லீ எவரெட் என்ற புதிய மனிதரையும் கிளமண்டைன் என்ற சிறுமியையும் நடுவில் வைத்தார்கள், அவர்களுக்கு எது வேண்டுமானாலும் நேரலாம். ஆனால் டெல்டேலின் விளையாட்டு தொடரிலிருந்து வந்ததல்ல, ராபர்ட் கிர்க்மனின் படக்கதையிலிருந்து வந்தது; சர்வைவல் ஹாரரும் அல்ல, முடிவுகளால் நகரும் கதை. நல்ல கதைக்காகத் தேடுபவர் அதையே எடுக்கட்டும். சர்வைவல் இன்ஸ்டிங்க்ட் இணையக் கடைகளிலிருந்து வெகு காலத்துக்கு முன்பே அகற்றப்பட்டுவிட்டது, அதை உருவாக்கிய நிறுவனமும் மூடப்பட்டுவிட்டது. பழைய வட்டைத் தேடி வாங்கும் அளவுக்கு அது தகுதியானது என்று என்னால் சொல்ல முடியாது.

2023 நவம்பரில் வந்த 'தி வாக்கிங் டெட்: டெஸ்டினீஸ்' இதே தொடரின் முதல் நான்கு பருவங்களை எடுத்துக்கொண்டு, முக்கியமான திருப்பங்களில் முடிவை ஆடுபவரிடம் விடுகிறது. தொடரின் நாயகன் ரிக்கும் அவருடைய நண்பர் ஷேனும் மோதும் இடத்தில் யார் எஞ்சுவார் என்பதை நாமே தீர்மானிக்கலாம். தொடரின் கதைப் போக்கை உடைக்கத் துணிந்ததால் யாரும் சாகலாம் என்ற நிலையை அது மீட்டெடுத்திருக்க வேண்டும். எண்ணத்தின் அளவில் பாராட்டுக்குரியது. நடைமுறையில் அது மந்தமான சண்டை விளையாட்டு, உணர்ச்சி பொங்க வேண்டிய காட்சிகள் பொம்மைகளை நிறுத்தி வைத்ததுபோல் அசைவற்று நிற்கின்றன. இதை விலக்கிவிடலாம்.

தலையில் மாட்டி மெய்நிகர் உலகுக்குள் ஆடும் விஆர் கருவி வைத்திருப்பவருக்கு ஒரு தனி ஒப்பீடு தேவை. ஏனெனில் 2020 என்ற ஒரே ஆண்டில் வாக்கிங் டெட் பெயரில் இரண்டு விளையாட்டுகள் வந்தன. செப்டம்பரில் சர்வியோஸ் வெளியிட்ட 'ஆன்ஸ்லாட்' ஏஎம்சி தொடரின் உரிமத்தைப் பெற்றது. டேரிலின் கதையை நார்மன் ரீடஸின் குரலில் அது சொல்கிறது. பொருள் தேடும் பயணங்களில் ரிக், மிஷோன், கேரல் ஆகியோராகவும் ஆடலாம், கொண்டுவருவதைக் கொண்டு அலெக்ஸாண்ட்ரியா குடியிருப்பை வளர்க்கலாம். ஜனவரியில் ஸ்கைடான்ஸ் வெளியிட்ட 'செயிண்ட்ஸ் அண்ட் சின்னர்ஸ்' படக்கதையின் உலகில், வெள்ளம் சூழ்ந்த நியூ ஆர்லியன்ஸில், புதிய பாத்திரத்தோடு நிகழ்கிறது. தொடரின் ரசிகர் இயல்பாகவே முதலாவதை எடுப்பார். நான் இரண்டாவதையே பரிந்துரைக்கிறேன்.

காரணம் கத்தி. செயிண்ட்ஸ் அண்ட் சின்னர்ஸில் பிணத்தின் மண்டையில் கத்தியைச் செலுத்தினால் அது சிக்கிக்கொள்ளும். ஒரு கையால் தலையைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே மறுகையால் பிடுங்கி எடுக்க வேண்டும். அந்த நேரத்தில் இன்னொன்று பின்னால் வந்துகொண்டிருக்கும். ஆயுதங்கள் தேய்ந்து உடையும், ஓடினால் மூச்சு வாங்கும், தோளுக்குப் பின்னால் கைநீட்டிப் பையை எடுத்தால்தான் உள்ளே இருப்பது தெரியும். தேவாலய மணி ஒலித்துவிட்டால் தெருக்களில் கூட்டம் பெருகிவிடும், அதற்குள் படகுக்குத் திரும்ப வேண்டும். இவ்வளவும் உடலால் செய்ய வேண்டியவை என்பதால், தொடர் பார்க்கும்போது நாற்காலியில் அமர்ந்தபடி 'ஓடேன்!' என்று கத்திய அதே மனிதர் இங்கே மூச்சுவாங்கித் தடுமாறுவார். ஆன்ஸ்லாட்டில் பின்னாலிருந்து ஒரு பெருங்கூட்டம் நகர்ந்து வந்து நம்மை முன்னே தள்ளிக்கொண்டே இருக்கும். பதற்றம் உண்டு, ஆனால் நின்று யோசிக்கும் தயக்கத்துக்கு இடமில்லை. வெட்டுவதும் சுடுவதும் எளிது. பழகிய முகங்களைத் தருவதில் ஆன்ஸ்லாட் முன்னே நிற்கிறது, அந்த முகங்கள் வாழ்ந்த வாழ்க்கையை நம் கையில் தருவதோ தொடரின் உரிமம் இல்லாத மற்றது.

'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' ரசிகர்களின் நிலை இன்னும் சிக்கலானது. டெல்டேல் நிறுவனம் தொடங்கிய விளையாட்டு 2018இல் அந்த நிறுவனம் சரிந்தபோது நின்றுபோயிற்று. 2019இல் வந்த 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ் 3' பழைய பிக்சல் பாணியில் அமைந்த சாகச விளையாட்டு, திகிலுக்கும் அதற்கும் தொடர்பு குறைவு. 2024 பிப்ரவரியில் டெண்டர் கிளாஸ் வெளியிட்ட விஆர் விளையாட்டில் நாம் தொடரின் வில்லனான வெக்னாவாக ஆடுகிறோம். அஞ்சும் இடத்தில் அல்லாமல் அச்சுறுத்தும் இடத்தில் நிற்பது சுவையான சோதனைதான், பிழைப்புத் திகில் அல்ல. ஆக எஞ்சுவது 'டெட் பை டேலைட்'டில் 2019 செப்டம்பரில் சேர்க்கப்பட்ட அத்தியாயம் ஒன்றே. கொலையாளி ஒருவர், தப்புவோர் நால்வர், அனைவருமே உண்மையான மனிதர்கள். ஐந்து ஜெனரேட்டர்களைப் பழுதுபார்த்து வாயிலைத் திறந்து ஓட வேண்டும், தப்புவோர் கையில் ஆயுதம் கிடையாது. தொடரின் அரக்கனான டெமகார்கன் கொலையாளியாகவும், ஸ்டீவ் ஹாரிங்டனும் நான்ஸி வீலரும் தப்புவோராகவும் வருகிறார்கள்.

என் அளவுகோலை இங்கே வைத்தால் ஒரு விதி உறுதியாகத் தேறுகிறது: டெமகார்கன் தரையில் வாயில்களை வைத்து, ஓர் இடத்தில் புகுந்து மற்றோர் இடத்தில் எழும். சுவரும் தரையும் நம்பத்தக்கவை அல்ல என்ற தொடரின் அச்சம் ஆட்டத்தின் விதியாகவே மாறியிருக்கிறது; தப்புவோர் அந்த வாயில்களை மெனக்கெட்டு மூட வேண்டியிருக்கிறது. ஆனால் தொடரின் மறுபாதியான சிறுவர்களின் நட்பு, ஒருவருக்காக ஒருவர் இருட்டில் இறங்கும் துணிவு ஆகியவை முகம் தெரியாத நால்வரின் கூட்டத்தில் தற்செயலாக நேர்ந்தால்தான் உண்டு. நெருங்கிய நண்பர் நால்வர் இருந்து, இணைய இணைப்பும் நிலையாக இருந்தால் இது நல்ல தேர்வு; தனியாக ஆடுபவருக்கு அல்ல. பத்து இருபது ஆட்டங்களுக்குப் பிறகு அச்சம் குறைந்து போட்டியுணர்வு மேலோங்கும் என்பதையும் எதிர்பார்த்துக்கொள்ள வேண்டும். உரிமம் முடிந்ததால் 2021 நவம்பரில் விற்பனையிலிருந்து நீக்கப்பட்ட இந்த அத்தியாயம் 2023 நவம்பரில் திரும்பி வந்தது. தொடர்களை ஒட்டிய விளையாட்டுகள் வேறொருவரின் ஒப்பந்தத் தேதியில் உயிர் வாழ்கின்றன. பிடித்திருந்தால் ஒத்திப்போடாமல் வாங்கிவிடுவது நல்லது.

இதுவரை சொன்னவற்றுள் முழு மனநிறைவைத் தருவது எதுவும் இல்லை என்பதால், உரிமம் இல்லாமலேயே ஒரு தொடரின் வழித்தோன்றலாக வந்த இரண்டு விளையாட்டுகளையும் பட்டியலில் சேர்க்கிறேன். 1990இல் தொடங்கிய, சிற்றூர்க் கொலை மர்மத்தைச் சொல்லும் 'ட்வின் பீக்ஸ்' தொடரின் நிழல் இரண்டிலும் வெளிப்படையாகவே விழுந்திருக்கிறது. 2010இல் வந்த 'டெட்லி பிரெமொனிஷன்' மலையோரச் சிற்றூர் ஒன்றில் நடக்கும் கொலையை விசாரிக்க வரும் எஃப்பிஐ அதிகாரியின் கதை. ஊர் மக்கள் ஒவ்வொருவருக்கும் அன்றாட வேலை நேரம் உண்டு. அதிகாரி சாப்பிட வேண்டும், தூங்க வேண்டும், முகம் மழிக்க வேண்டும். ஊரே பாத்திரமாக இருக்கும் ஒரு தொடரை இதைவிட உண்மையாக விதிகளாக மாற்றிய விளையாட்டை நான் அறியேன். அதன் சண்டைக் காட்சிகள் மோசமானவை, தோற்றம் வெளிவந்த அன்றே பழையது. பொறுமை உள்ளவருக்கு மட்டுமே இதைச் சொல்வேன்.

அதே 2010இல் பின்லாந்தின் ரெமெடி நிறுவனம் வெளியிட்ட 'ஆலன் வேக்' ஆறு அத்தியாயங்களாகவே அமைந்தது. ஒவ்வோர் அத்தியாயமும் உச்சத்தில் நின்று பாடலோடு முடிகிறது. அடுத்தது முன்கதைச் சுருக்கத்தோடு தொடங்குகிறது. எதிரிகளைச் சூழ்ந்த இருளை டார்ச் ஒளியால் களைந்த பிறகுதான் துப்பாக்கி பயன்படும் என்பதால் பேட்டரியும் தோட்டாவும் ஒருசேரக் கரைகின்றன. வழியில் கிடைக்கும் கையெழுத்துப் பக்கங்கள் அடுத்து வரப்போவதை முன்கூட்டியே சொல்லிவிடும். கோடாரியோடு ஒருவன் வருவான் என்று படித்துவிட்டு அவனை எதிர்பார்த்து நடப்பது, அவன் திடீரென்று வருவதைவிடக் கொடியது. அதன் இரண்டாம் பாகம் 2023 அக்டோபரில் வந்தது, இது எல்லா வகையிலும் சர்வைவல் ஹாரர்: சாகா ஆண்டர்சன், அலெக்ஸ் கேஸி என்ற இரண்டு எஃப்பிஐ அதிகாரிகள் பிரைட் ஃபால்ஸ் ஊருக்குச் சடங்குக் கொலைகளை விசாரிக்க வருகிறார்கள், சான்றுகளைப் பலகையில் குத்தி இணைத்து முடிவுக்கு வருவது ஆடுபவரின் வேலை. எக்ஸ்-ஃபைல்ஸ் ரசிகர் தேடும் அனுபவத்தை இன்றைய கருவிகளில் தருவது இதுவே. கணினியில் ஆடுபவர் மட்டும் தம் கிராஃபிக்ஸ் அட்டை தாங்குமா என்று முதலில் பார்த்துக்கொள்ளட்டும்.

ஆகவே கையில் இருக்கும் கருவியையும் மனத்தில் இருக்கும் தொடரையும் சேர்த்தே முடிவெடுக்க வேண்டும். இன்றைய கன்சோலோ வலுவான கணினியோ இருந்தால் 'ஆலன் வேக் 2'. முதற்பாகத்தை ஆடாதவர் 2021இல் வந்த அதன் மறுசீரமைப்பிலிருந்து தொடங்கினால் கதை தெளிவாகப் புரியும். விஆர் கருவி இருந்தால் 'செயிண்ட்ஸ் அண்ட் சின்னர்ஸ்'. டேரிலின் குரலைக் கேட்காமல் இருக்க முடியாது என்பவர் மட்டும் 'ஆன்ஸ்லாட்'டைத் தள்ளுபடியில் வாங்கலாம். நண்பர் குழுவோடு இரவு ஆட்டம் என்றால் 'டெட் பை டேலைட்'.

தொடரின் உரிமம் பெற்ற, தனியாக அமர்ந்து ஆடத்தக்க சர்வைவல் ஹாரர்தான் வேண்டும் என்பதில் உறுதியாக இருப்பவருக்கு, இருபது ஆண்டுகள் கடந்தும் 'ரெசிஸ்ட் ஆர் சர்வ்' ஒன்றையே சொல்வேன். பழைய பிளேஸ்டேஷன் 2 வீட்டில் இருந்தால் வட்டைத் தேடுவது பயனுள்ள உழைப்பு. வாங்குமுன் வட்டின் அடிப்பக்கக் கீறல்களைப் பார்த்துவிடுங்கள், மெமரி கார்டு ஒன்றையும் மறக்காமல் சேர்த்து வாங்குங்கள். முதல் முறை ஸ்கல்லியாக ஆடுங்கள். அவருடைய பாதை சான்றுகளைக் கையில் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் இயல்பான விளக்கம் ஒன்று இருக்கக்கூடும் என்று எண்ண வைக்கும். அந்த எண்ணத்தோடு முடித்துவிட்டு மல்டராகத் திரும்பினால், அவர் பார்த்தவை அந்த விளக்கங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தகர்க்கும். வரிசையை மாற்றி ஆடியவருக்கு இந்தப் பயன் பாதியாகக் குறைந்துவிடும்.